ஒரு கப் எத்தனை கிராம்?

கேள்வி இதுதான்: ஒரு கேக் குறிப்பில் மைதா 350 கிராம், சர்க்கரை 250 கிராம், எண்ணெய் 150 மில்லி என்று இருக்கிறது. கையில் இருப்பதோ அளவுக் கப்பும் ஸ்பூனும் மட்டும். ஒரு கப் மைதா 120 கிராம் என்கிறது ஒரு அட்டவணை, 125 என்கிறது இன்னொன்று, 150 என்கிறது வேறொன்று. எதை நம்புவது? எல்லாப் பொருளுக்கும் பொருந்தும்படி ஒரே கணக்கு இருக்கிறதா?

அப்படி ஒரே கணக்கு கிடையாது. அந்த மூன்று எண்களில் எதுவும் பொய்யும் இல்லை. மூன்று பேரும் வேறு வேறு கப்பில், வேறு வேறு விதமாக மாவை நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கப் அளப்பது இடத்தை. தராசு அளப்பது பொருளை. ஒரு கப் மாவில் பாதிக்கு மேல் காற்று. அந்தக் காற்று எவ்வளவு என்பது கைக்குக் கை மாறுவதால்தான் இந்தக் குழப்பம் முழுவதும்.

ஆகவே மாற்றுவதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கப் எத்தனை மில்லி பிடிக்கும்? அந்தப் பொருள் 100 மில்லிக்கு எத்தனை கிராம் நிற்கும்? அதை எப்படி நிரப்பினீர்கள்?

முதலில் கப். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் 236.6 மில்லி. அந்த நாட்டு உணவு லேபிள்களில் அதையே முழுமையாக்கி 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குறிப்புகளில் கப் என்றால் 250 மில்லி. ஜப்பானியக் குறிப்புகளில் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அதை அளவுக் கப் என்று நினைத்து மாவு அளந்தால் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழைய பிரிட்டிஷ் குறிப்புகளின் கப் அரை பைன்ட், அதாவது 284 மில்லி. டீஸ்பூன் எங்கும் ஏறக்குறைய 5 மில்லி என்பதால் தொல்லை இல்லை. டேபிள்ஸ்பூன் பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று எழுதியிருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று அர்த்தம். கேக் பொங்கி எழுந்து நடுவில் அமுங்குவதற்கு அது போதும்.

குறிப்பு முழுவதும் கப்பிலேயே இருந்தால் எந்தக் கப்பானாலும் விகிதம் மாறாதே என்று தோன்றும். கப்பால் அளக்கும் பொருட்களுக்குள் அது உண்மை. ஆனால் முட்டை கப்பில் வருவதில்லை, ஈஸ்ட் பாக்கெட்டில் வருகிறது, சோடா ஸ்பூனில் வருகிறது, கேக் தட்டின் அளவும் மாறப்போவதில்லை. அமெரிக்கக் கப்புக்கு எழுதிய குறிப்பை 250 மில்லி கப்பில் செய்தால் மாவும் பாலும் ஐந்தாறு சதவீதம் கூடும், முட்டை மட்டும் அப்படியே நிற்கும். பெரும்பாலான கேக்குகள் இதைத் தாங்கிக்கொள்ளும். முட்டையையே நம்பி நிற்கும் மென்மையான கேக்குகளில் வித்தியாசம் தெரியும்.

அவுன்ஸ் என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் என்பது கொள்ளளவு. அமெரிக்க அளவில் 29.57 மில்லி, பிரிட்டிஷ் அளவில் 28.41 மில்லி. தண்ணீருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வருவதால் வித்தியாசம் கண்ணில் படாது. தேனை எடுத்துக்கொள்ளுங்கள்: 8 திரவ அவுன்ஸ் தேன் தராசில் 12 அவுன்ஸ் காட்டும். அதே கப்பில் மைதா நாலேகால் அவுன்ஸ்தான். குறிப்பில் வெறுமனே அவுன்ஸ் என்று இருந்தால், உலர்ந்த பொருளுக்கும் வெண்ணெய்க்கும் எடை என்றும், பால், தண்ணீர் போன்றவற்றுக்குத் திரவ அளவு என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

உங்கள் கப்பின் உண்மையான கொள்ளளவைக் கண்டுபிடிக்க, காலிக் கப்பைத் தராசில் வைத்து அளவைச் சுழியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் மில்லி. இந்த வேலைக்குத் தராசை ஒரு தடவை இரவல் வாங்கினாலும் போதும். கோடு போட்ட அளவு ஜாடியானால், சமமான மேசையில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் குனிந்து பாருங்கள். நீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் அடிமட்டம்தான் அளவு. ஜாடியைக் கையில் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும்.

இனி பொருள். உப்புக் கல் ஒன்றின் அடர்த்தி மில்லிக்கு 2.16 கிராம். சர்க்கரைப் பரலின் அடர்த்தி 1.59. ஆனால் கப்பில் கொட்டிய தூள் உப்பு மில்லிக்கு 1.2 கிராம்தான் வருகிறது, சர்க்கரை 0.85. இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: இரண்டிலும் பரல்கள் இடத்தில் பாதிக்குச் சற்று மேலே அடைத்துக்கொள்கின்றன, மீதி நாற்பத்தைந்து சதவீதம் போலக் காற்று. சர்க்கரைப் பரல்கள் கனமானவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை. அவை உருண்டு தம் இடத்தைத் தாமே பிடித்துக்கொள்வதால் யார் கொட்டினாலும் ஏறக்குறைய அதே எடை வரும். மாவு அப்படியில்லை. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவே பெரிய பொந்துகளை விட்டு நிற்கும். தட்டினாலும் குலுக்கினாலும் அந்தப் பொந்துகள் சரிந்து மாவு கீழே இறங்கும். கோகோ, ஐசிங் சர்க்கரை, சோளமாவு எல்லாம் இந்தக் குணம்தான்.

கீழே 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று தருகிறேன். கப்புக்கு இத்தனை என்று சொன்னால் எந்தக் கப் என்ற கேள்வி மறுபடி வரும். உங்கள் கப் 240 மில்லியானால் 2.4-ஆலும், 250 ஆனால் 2.5-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் 100
பால் 103
சமையல் எண்ணெய் 92
தேன் 142
வெண்ணெய் 95
சர்க்கரை 85
பழுப்புச் சர்க்கரை, அமுக்கி நிரப்பியது 90
ஐசிங் சர்க்கரை, சலிக்காதது 48 முதல் 50
மைதா, ஸ்பூனால் தளர்வாக இட்டுத் தலைதட்டியது 50 முதல் 52
முழு கோதுமை மாவு, அதே விதமாக 48 முதல் 55
கோகோ பவுடர் 36 முதல் 42
அரிசி 78 முதல் 85
ஓட்ஸ் 38 முதல் 42
தூள் உப்பு 120

எங்கே ஒரே எண் இருக்கிறதோ அந்தப் பொருளைக் கப்பில் நம்பி அளக்கலாம். எங்கே இரண்டு எண் இருக்கிறதோ அங்கே கவனம் வேண்டும். பழுப்புச் சர்க்கரையின் ஈரம் பரல்களை ஒட்டவைப்பதால், அமுக்காமல் இட்டால் எடை வெகுவாகக் குறையும். அதனால்தான் குறிப்புகளில் அமுக்கி என்று தனியாகச் சொல்வார்கள். கப்பைக் கவிழ்த்தால் கப்பின் வடிவத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் பதம்.

மைதாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போகும் பண்டங்களில் பெரும்பகுதி இங்கேதான் கெடுகிறது. ஒரே 240 மில்லி கப், ஒரே பை மாவு. கப்புக்குள் மாவைச் சலித்து விழவைத்துத் தலைதட்டினால் 110 முதல் 115 கிராம். மாவை முதலில் கிளறித் தளர்த்தி, ஸ்பூனால் அள்ளி மெல்ல இட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் 120 முதல் 125. கப்பையே பைக்குள் விட்டுக் கோரி வழித்தால் 140 முதல் 150. கோரிய பிறகு மேசையில் இரண்டு தட்டு தட்டி, இறங்கிய இடத்தில் மேலும் போட்டால் 160-ஐத் தாண்டும். ஆரம்பத்தில் பார்த்த 120, 125, 150 இப்படித்தான் பிறக்கின்றன.

இதன் விளைவை ரொட்டி மாவில் பாருங்கள். மூன்று கப் மாவுக்கு 240 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் தளர்வாக இட்டு அளந்தவர். அவருக்கு மாவு 360 கிராம், தண்ணீர் மாவில் 67 சதவீதம். மிருதுவாக, கையில் லேசாக ஒட்டும் பதம். நீங்கள் கோரி அளந்து கப்புக்கு 145 கிராம் எடுத்தால் மாவு 435 கிராம். தண்ணீர் 55 சதவீதமாக இறங்கிவிடும். பிசையவே கை வலிக்கும், மாவு சரியாக உப்பாது, ரொட்டி கட்டையாக வரும். ஈஸ்ட் பழசாகிவிட்டதோ, அடுப்புச் சூடு போதவில்லையோ என்று தேடுவார்கள். காரணம் கப்பைக் கோரிய விதத்தில் இருக்கும்.

இப்போது கேட்ட கணக்கைப் போட்டுவிடலாம். கப் 240 மில்லி என்று எடுத்துக்கொள்கிறேன். தளர்வாக இட்ட மைதா 100 மில்லிக்கு 51 கிராம் என்றால் ஒரு கப் 122 கிராம். 350-ஐ 122-ஆல் வகுத்தால் 2.87. ஒரு கப்புக்கு 16 டேபிள்ஸ்பூன் என்பதால், இரண்டே முக்கால் கப்போடு 2 டேபிள்ஸ்பூன் சேர்த்தால் கச்சிதம். 250 மில்லி கப்பாக இருந்தால் இன்னும் எளிது, இரண்டே முக்கால் கப்போடு நிறுத்திக்கொள்ளலாம். சர்க்கரை 240 மில்லி கப்பில் 204 கிராம். ஒன்றேகால் கப் 255 கிராம் வரும், அதில் அரை டேபிள்ஸ்பூனை எடுத்துவிட்டால் 250-க்கு ஒட்டி நிற்கும். எடுக்காவிட்டாலும் குடி முழுகாது. எண்ணெய் ஏற்கெனவே மில்லியில் இருக்கிறது: அரை கப்பும் 2 டேபிள்ஸ்பூனும் சேர்ந்தால் 150. அதே குறிப்பு எண்ணெய் 150 கிராம் என்று சொல்லியிருந்தால் 150-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும்; 163 மில்லி வரும், அரை கப்பும் 3 டேபிள்ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகவும்.

கணிப்பான் 118.29 என்று காட்டினால் அதை அப்படியே எழுதிவைப்பதில் பொருளில்லை. மாவு அளப்பதிலேயே பத்து கிராம் ஆடும்போது தசம இடங்கள் வெறும் அலங்காரம். மாவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஐந்து கிராமுக்கு முழுமையாக்குங்கள். உப்பு, சோடா, ஈஸ்டை மட்டும் முழுமையாக்காதீர்கள்.

எதிர்த்திசையில், கப்பில் எழுதிய குறிப்பைக் கிராமுக்கு மாற்றுவதுதான் கடினம். எழுதியவர் எப்படி அளந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் எங்காவது ஓரிடத்தில் ஒரு கப் இத்தனை கிராம் என்று சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பொது அட்டவணையைவிட அவருடைய எண்தான் அவருடைய குறிப்புக்குச் சரி. ஒன்றுமே இல்லையென்றால் கப்புக்கு 120 என்று தொடங்குங்கள். பிசையும் மாவானால் குறைவாகத் தொடங்கி, பதம் பார்த்து மாவைச் சேர்க்க முடியும். கேக்கில் அந்த வசதி இல்லை: முதல் தடவை 120-இல் செய்து, மிகவும் தளர்ந்து நடுவில் அமுங்கினால் அடுத்த தடவை 135-க்குப் போங்கள். எது சரியாக வந்ததோ அதைக் கிராமில் எழுதி வையுங்கள், இனி அந்தக் குறிப்பில் கப்பே வேண்டாம்.

குறிப்பில் சொற்கள் வரும் வரிசையும் அளவுதான். சலித்த மைதா 1 கப் என்றால் சலித்த பிறகு அளப்பது. மைதா 1 கப், சலித்தது என்றால் அளந்த பிறகு சலிப்பது. இரண்டுக்கும் பத்து கிராமாவது வித்தியாசம் உண்டு. நறுக்கிய கொட்டைப் பருப்பு ஒரு கப்பும், ஒரு கப் முழுப் பருப்பை எடுத்து நறுக்கியதும் ஒன்றல்ல. துண்டுகள் சிறிதாகச் சிறிதாகக் கப்பில் அதிகம் பிடிக்கும். கிராமில் எழுதினால் இந்த வரிசைச் சிக்கல் தானே மறைந்துவிடும்.

சிறிய அளவுகளில் மட்டும் கதை தலைகீழ். சாதாரணச் சமையலறைத் தராசு ஒரு கிராம் படியில்தான் காட்டும். அது 2 என்று காட்டும்போது உள்ளே ஒன்றரையும் இருக்கலாம், இரண்டரையும் இருக்கலாம். கால்வாசி பிழை. அந்த இடத்தில் தலைதட்டிய ஸ்பூனே நம்பகமானது. ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம், பேக்கிங் சோடா ஏறக்குறைய 5, பேக்கிங் பவுடர் 4 முதல் 4.5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3. ஏழு கிராம் ஈஸ்ட் பாக்கெட் என்றால் இரண்டேகால் டீஸ்பூன். உங்கள் ஸ்பூனுக்கு எண் தெரிய வேண்டுமானால் ஒன்றை நிறுக்காதீர்கள். பத்து ஸ்பூன் தலைதட்டிப் போட்டு நிறுத்து, பத்தால் வகுத்தால் பிழை கரைந்துவிடும்.

இன்னொன்று: பல டிஜிட்டல் தராசுகள், மிக மெல்லச் சேரும் எடையைத் தங்கள் சொந்தத் தடுமாற்றம் என்று நினைத்துச் சுழியத்தையே திருத்திக்கொள்ளும். சிட்டிகை சிட்டிகையாக உப்பைத் தூவிக்கொண்டே போனால் எண் அசையாமல் நிற்கும், பாத்திரத்தில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. உப்பு டப்பாவையே தராசில் வைத்துச் சுழியமாக்கி, அதிலிருந்து ஸ்பூனால் எடுங்கள். டப்பாவில் இருந்து போனது கழித்தல் குறியோடு தெரியும். தேனுக்கும் இதே வழிதான் சிறந்தது: பாட்டிலைத் தராசில் வைத்து எடுத்தால் ஸ்பூனில் ஒட்டிக்கொண்டது எவ்வளவு என்ற கவலை, ஸ்பூனை உடனே பாத்திரத்தில் வழித்துவிட்டால், இல்லை. கப்பால்தான் அளக்க வேண்டுமென்றால் உள்ளே லேசாக எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், தேன் முழுவதும் வழுக்கி இறங்கிவிடும்.

உப்பில் கூடுதல் எச்சரிக்கை. மேலே சொன்ன 6 கிராம் நுண்ணிய தூள் உப்புக்கு மட்டும். செதில் செதிலாக இருக்கும் உப்பு வகைகளில் ஒரு டீஸ்பூன் 3 கிராம்கூட வராமல் போகலாம். அத்தகைய உப்புக்கு எழுதிய குறிப்பில் தூள் உப்பை ஸ்பூனுக்கு ஸ்பூன் போட்டால் உப்பு இரட்டிப்பாகிவிடும். எடையில் போட்டால் எந்த உப்பும் ஒரே உப்புதான்.

தராசில் மில்லி என்று ஒரு பொத்தான் இருந்தால் ஏமாறாதீர்கள். அதற்குக் கொள்ளளவு தெரியாது. எடையைத் தண்ணீரின் அடர்த்தியால் வகுத்துக் காட்டுகிறது, அவ்வளவே. சிலவற்றில் பாலுக்குத் தனியாக ஒன்று இருக்கும். தண்ணீர் மில்லியில் வைத்து எண்ணெய் 100 என்று நிறுத்தினால், நீங்கள் உண்மையில் ஊற்றியது 109 மில்லி.

தராசே இல்லாமல் வெண்ணெயை எடை பார்க்க ஒரு அருமையான வழி இருக்கிறது. அளவு ஜாடியில் குளிர்ந்த தண்ணீரைப் பாதி வரை ஊற்றி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்த் துண்டுகளை மெல்லப் போடுங்கள். வெண்ணெய் மிதக்கும். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. ஆகவே மட்டம் 100 மில்லி ஏறினால் வெண்ணெய் 100 கிராம், எந்தப் பெருக்கலும் வேண்டாம். இதே துண்டுகளை ஸ்பூனால் முழுவதும் மூழ்கும்படி அமுக்கினால் மட்டம் இன்னும் கொஞ்சம் ஏறி 105 முதல் 110 மில்லி காட்டும். அது அதன் கொள்ளளவு. குறிப்பு கிராம் கேட்டால் மிதக்கவிட்டுப் படியுங்கள், கப் கேட்டால் அமுக்கிப் படியுங்கள். துண்டுகள் ஜாடியின் அடியிலோ பக்கத்திலோ முட்டி நிற்கக் கூடாது. எடுத்தபின் ஈரத்தை ஒற்றிவிடுங்கள்.

மாவுக்கும் தண்ணீரையே எடைக்கல்லாக ஆக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு கிண்ணங்களை ஒரு துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் சமமான கயிற்றில் தொங்கவிட்டு, காலியாக இருக்கும்போது நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 350 மில்லி தண்ணீர், மற்றதில் சமமாகும் வரை மாவு. கப்பால் கோருவதைவிட இது நிச்சயம் மேல். பிரிக்காத ஒரு கிலோ பாக்கெட்டை முழுவதும் ஒரே அளவு குவியல்களாகப் பிரித்துக்கொள்வதும் அவசரத்துக்கு உதவும்.

முட்டையைப் பற்றி ஒரு வரி: ஓடு நீக்கிய பெரிய முட்டை 50 கிராம் சுமார், வெள்ளை 30-க்குச் சற்று மேல், மஞ்சள் 20-க்குச் சற்றுக் கீழ்.

நுரை உள்ள எதையும் கப்பால் அளக்க வேண்டாம். அடித்த கிரீம், அடித்த வெள்ளைக் கரு, பொங்கி நிற்கும் புளித்த மாவு எல்லாம் நேரத்துக்கு ஒரு கொள்ளளவு. காலையில் ஒரு கப் புளித்த மாவு, மாலையில் பொங்கிய பின் அதே கப்பில் பாதி எடைகூட வராமல் போகலாம்.

கடைசியாக, நான் தந்த அட்டவணையைவிட உங்கள் கப்பும் உங்கள் கையும் சேர்ந்து தரும் அட்டவணை மேலானது. தராசு கிடைக்கும் ஒரு நாளில், அடிக்கடி எடுக்கும் ஏழெட்டுப் பொருட்களை, வழக்கமாக எப்படி அள்ளுவீர்களோ அப்படியே மூன்று முறை தனித்தனியாக அளந்து நிறுத்து எழுதுங்கள். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சராசரியோடு, மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் எழுதுங்கள். சர்க்கரைக்கு அது இரண்டு மூன்று கிராமாக இருக்கும். அதைக் கப்பிலேயே அளந்துகொள்ளலாம். மாவுக்குப் பத்தைத் தாண்டினால், அள்ளும் விதத்தை ஒன்றாக்கிவிட்டு மறுபடி மூன்று முறை நிறுத்துப் பாருங்கள். மாவின் வகையோ பிராண்டோ மாறினால் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினால் போதும்.